கொசஸ்தலை கடலைச் சேரும் ஊர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கடல் என்றால் மெரினாதான். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்தால் பெசன்ட் நகர். கையில் கொஞ்சம் பணம் புரண்டால் கோவளம், மாமல்லபுரம். எண்ணூருக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வரலாம் என்று எங்கள் பக்கத்து வீடுகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எண்ணூர் என்றதும் புகைபோக்கியும் கன்டெய்னர் லாரியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னைப் பட்டணத்து வசதிக்காரர்கள் படகு பிடித்து, மூட்டை முடிச்சோடு போய், நாட்கணக்கில் தங்கி, மீனும் ஆளிச் சிப்பியும் தின்றுவிட்டுத் திரும்பிய உல்லாசக் கரை அதுதான்.

எங்களுக்கும் அந்த ஊருக்கும் தண்ணீர் வழியாக ஓர் உறவு உண்டு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகிறது. கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு. அங்கிருந்து கால்வாய்களைப் பிடித்து வடகிழக்கே இறங்குகிறது. மாநகராட்சியின் மழைநீர் வடிகால் திட்டத்தில் அம்பத்தூரின் ஒரு பகுதி கொசஸ்தலை வடிநிலத்தில் சேர்க்கப்பட்டிருப்பது இதனால்தான். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம் எண்ணூர். புழல் ஏரியைத் திறந்துவிட்டால் அந்த வெள்ளமும் மணலிக்கு அருகே சடையங்குப்பத்தில் இதே ஆற்றில் வந்து கலக்கிறது. பூந்தமல்லிக்கு வடக்கே ஓடும் கூவத்துக்குக்கூட இந்த ஆறு உறவுதான். மேலே கேசவரம் அணைக்கட்டில் தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு கூவமாக நகரத்துக்குள் நுழைகிறது. மறு பங்கு பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வந்து, மிஞ்சியது எண்ணூரில் கடலைப் பார்க்கிறது. எங்கள் தெருவில் பெய்கிற மழை போய்ச் சேரும் இடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

வெளிவட்டச் சாலை வந்த பிறகு நசரத்பேட்டையிலோ பட்டாபிராமிலோ ஏறினால் மீஞ்சூர் வரை காரில் பறந்துவிடலாம். நான் ரயிலில் போனேன். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது எங்கள் ஊர்களின் வழியாகத்தான். அந்தத் தடத்தில் இன்று மின்ரயில் ஓடுகிறது. அம்பத்தூரில் சென்ட்ரல் வண்டி ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினேன். காலை வேளையில் எதிர்த் திசையில் கூட்டம் பிதுங்கும். வடக்கே போகும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஒவ்வொன்றாகக் கடந்தது. பட்டினத்தார் அடங்கிய இடம் திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. உடைமையெல்லாம் உதறியவர் கடைசியாகத் தேர்ந்துகொண்டது இந்த வடகரையைத்தான். அடுத்து விம்கோ நகர். தீப்பெட்டித் தொழிற்சாலை போய்விட்டது, பெயர் மட்டும் ஸ்டேஷனுக்கும் மெட்ரோவுக்கும் மிஞ்சியிருக்கிறது. பிறகு கத்திவாக்கம். அடுத்தது எண்ணூர்.

எண்ணூரில் நான் உடனே இறங்கவில்லை. அந்த ஊருக்கு முதல் தடவை போகிறவர்கள் ஒரு ஸ்டேஷன் தள்ளி அத்திப்பட்டு புதுநகர் வரை போய்த் திரும்ப வேண்டும். நடுவில் வரும் பாலத்துக்காக. கொசஸ்தலையின் கழிமுகம் இரு பக்கமும் விரிந்து கிடக்கிறது. கிழக்கே கடலை நோக்கித் திறந்த நீர்ப்பரப்பு. மேற்கே அலையாத்திப் புதர்களும் சேற்றுத் திட்டுகளும் உப்பளத்து வெளிகளும். தண்ணீருக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கும் மின்கோபுரங்கள். அவற்றுக்குப் பின்னால் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள். நடுவே சிறு படகுகளில் வலை வீசும் ஆட்கள். இவை அத்தனையும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. பாலத்தைக் கடக்கும் அந்தக் கொஞ்ச நேரம் பெட்டியில் இருந்தவர்களில் யாரும் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. தினமும் பார்ப்பவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கோ, சென்னைக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு பெரிய நீர்வெளி இருக்கிறது என்பதே பெரிய செய்தியாக இருந்தது.

இந்த நீர்வெளிதான் வெள்ளைக்காரர்களை இழுத்தது. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் மெலிந்த மணல்திட்டு. இருபுறமும் காற்று. கோட்டைக்குள்ளும் கறுப்பர் நகரத்தின் நெரிசலிலும் கோடையைக் கழித்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? போய்வர வழியும் பிறந்தது. கடற்படைக்குச் சரக்கு கொடுத்துப் பொருள் சேர்த்த பேசில் கோக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். 1806-இல் படகு ஓடத் தொடங்கியது. கோக்ரேன் கால்வாய் என்றே அதற்குப் பெயர். பின்னால் பழவேற்காடு வரை நீண்டு, தெற்கேயும் வடக்கேயும் வளர்ந்து, 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினியில் வாடிய மக்களின் உழைப்பால் இணைக்கப்பட்டு, பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் மாறியது இதுதான். உப்பும் விறகும் ஏற்றிவந்த அதே கால்வாயில் துரைமார்களும் துரைசானிகளும் எண்ணூருக்கு உல்லாசப் பயணம் போனார்கள்.

மரியா கிரகாம் என்ற ஆங்கிலப் பெண்மணி இந்தியாவில் தாம் தங்கியிருந்த நாட்களைப் பற்றி எழுதிய நூல் 1812-இல் வெளியானது. எண்ணூர் அதில் இடம்பெற்றிருக்கிறது. பட்டணத்துக் கனவான்கள் கூடி மீன் தின்னவும் சீட்டாடவும் அங்கே வீடு அமைத்துக்கொண்டதையும், அந்தக் கழியின் மீனும் ஆளியும் பெயர் பெற்றிருந்ததையும் அவர் சொல்கிறார். பூந்தமல்லிக்காரர்களுக்கு ஒரு தகவல்: அதே காலத்தில் நம் பக்கத்திலும் கும்பெனியாருக்கு ஓர் ஓய்விடம் இருந்தது. காய்ச்சலிலிருந்து தேறிவரும் ஐரோப்பியச் சிப்பாய்களைப் பூந்தமல்லி கண்டோன்மென்டில்தான் வைத்திருந்தார்கள். உடம்பு தேற மேற்கே பூந்தமல்லி, மனம் தேற வடக்கே எண்ணூர். அந்தக் கழியில் மீன் பிடித்துக் கொடுத்தவர்களும் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தவர்களும் நான் அறிந்த எந்த நாட்குறிப்பிலும் பெயரோடு வரவில்லை. வரலாற்றில் அவர்கள் பக்கம் காலியாகக் கிடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அதே கழியில்தான் வலை வீசுகிறார்கள்.

எண்ணூர் ஏன் மங்கியது? காலம் மாறியது என்று சொல்லிவிடலாம். அது அரைப் பதில். மனிதர்கள் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றாக அந்தக் கரையின்மேல் வந்து விழுந்தன. முதல் முடிவு துறைமுகம். 1875-இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் கல் கொட்டி இரண்டு கரங்கள் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அலை கொண்டுபோகும், அலை கொண்டுவரும். மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகத்தின் தெற்குக் கரம் அந்த மணலை மறித்தது. மறித்த மணல் தெற்கே குவிந்தது. நாம் நடந்து நடந்து சலிக்கும் மெரினாவின் அகலம் அப்படி வந்தது. அதன் கரையோரம் 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவுவதற்குப் பாதை போட்டு மெரினா என்று பெயரிட்டார். நகரத்து வாசலிலேயே காற்று வாங்க இடம் கிடைத்துவிட்டது. கோடைக்கு உதகமண்டலம். எண்ணூர் வரை படகில் போக வேண்டிய தேவை யாருக்கும் இல்லாமல் போயிற்று.

வடக்கே மணல் வரவில்லை. ஆனால் அலை எடுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டுத் தெருத் தெருவாகக் கடலுக்குப் போனது. மெரினாவில் குவிந்த ஒவ்வொரு பிடி மணலும் வடகரைக்குச் சேர வேண்டியது என்பதை நாம் ஒருநாளும் யோசித்ததில்லை. இன்று எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்வரிசைகளைத் தூண்டில் வளைவு என்கிறார்கள் அங்குள்ளவர்கள். ஒரு குப்பத்துக்குத் தூண்டில் வளைவு போட்டால் அங்கே மணல் சேரும். அடுத்த குப்பத்தில் அரிப்பு கூடும். உடனே அவர்களும் தூண்டில் வளைவு கேட்டுச் சாலை மறியல் செய்வார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்?

இரண்டாவது முடிவு எங்கள் ஊரிலிருந்து போனது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. கனரகத் தொழிலை நம்பிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அதைத் தொடர்ந்து வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை, எண்ணூரில் அசோக் லேலண்டின் பெருக்கம், உரத் தொழிற்சாலை, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எல்லாம் அந்தக் காலத்து நம்பிக்கையின் பிள்ளைகள். நான் அந்த நம்பிக்கையைப் பழிக்க மாட்டேன். அம்பத்தூரில் எத்தனையோ குடும்பங்கள் லேத் பட்டறைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்து மேலே வந்தன. என்னைச் சுற்றியிருப்பவர்கள் பலரும் அப்படி வந்தவர்களே. ஆனால் ஆலைகள் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு நிலக்கரி, நிலக்கரிக்குத் துறைமுகம், எரித்த கரியைக் கொட்ட இடம். இவ்வளவுக்கும் நகரம் காட்டிய விரல் எண்ணூர்ப் பக்கமே நீண்டது.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கிப் படிப்படியாக 450 மெகாவாட் ஆனது. 2017-இல் அதை மூடிவிட்டார்கள். கழிமுகத்தின் வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களில் வந்தது: முதல் கட்டம் 630 மெகாவாட், பிறகு 1,200. அருகிலேயே வல்லூரில் 1,500. நிலக்கரி இறக்க 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. 2014-இல் அதற்குக் காமராஜர் பெயர் சூட்டினார்கள். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அம்பத்தூரில் நான் மின்விசிறியைச் சுழலவிடும்போது இந்தக் கரையில் எங்கோ ஒரு கொதிகலன் எரிந்துகொண்டிருக்கிறது. இதை மறந்துவிட்டு எண்ணூரைப் புகை ஊர் என்று முகம் சுளிக்கும் உரிமை எனக்குக் கிடையாது.

திரும்பி வந்து எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கிக் காட்டுக்குப்பம் பக்கம் நடந்தேன். கழியோரம் படகுகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். மர நிழலில் வலையைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "எங்கேருந்து தம்பி?" என்றார்.

"அம்பத்தூர்ங்க அண்ணே. சும்மா ஆத்தைப் பாத்துட்டுப் போலாம்னு."

"பாருங்க, பாருங்க. பாக்குறதுக்காச்சும் யாராவது வரணும்ல?" என்று பக்கத்தில் உட்காரச் சொன்னார். பேச்சு தானாக ஆழத்துக்கு வந்தது. "நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்போ இங்க கோல் ஊனுனா கோல் பூரா உள்ளே போயிடும். தலைக்கு மேல தண்ணி. இப்ப அங்க பாருங்க, ஒருத்தன் நடந்தே போறான்." நடு ஆற்றில் ஒருவர் இடுப்பளவுகூட நனையாமல் வலையை இழுத்துக்கொண்டு போனதை நானும் பார்த்தேன்.

ஆறு மேடானதற்குக் காரணம் சாம்பல். நிலக்கரியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கழிமுகத்தின் மேலேயே போகின்றன. அவற்றில் பல ஆண்டுகளாகக் கசிவு. வழிந்த கூழ் ஆற்றின் அடியில் சிமெண்ட் பூச்சு மாதிரி படிந்துவிட்டது. சேற்றில் வளை தோண்டி வாழும் நண்டுக்கும், சேற்றை நம்பியிருக்கும் இறாலுக்கும் அங்கே இடமில்லை. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, வெறும் கையால் இறால் துழாவிப் பிடிக்கும் இருளர்களும் இந்தக் கழியை நம்பியே வாழ்ந்தவர்கள். கையால் துழாவும் வேலைக்குச் சேறு மெத்தென்று இருக்க வேண்டும். சாம்பல் பாளத்தில் கை எங்கே நுழையும்? "கால் வச்சா வழுக்குது, கை வச்சா அரிக்குது" என்றார் பெரியவர்.

அவர் இன்னொன்றையும் காட்டினார். படகின் அடியில் கொத்துக் கொத்தாகக் கறுப்பாக ஒட்டியிருந்த சிறு சிப்பிகள். காக்கா ஆழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தென் அமெரிக்கக் கடலோரத்தைச் சேர்ந்த உயிரி இது. சரக்கு இறக்கிய கப்பல்கள் பாரத்துக்காக அடிவயிற்றில் நிரப்பிக்கொள்ளும் கடல்நீரோடு வந்து சேர்ந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆற்றின் தரை முழுக்க அது கம்பளம் விரித்ததுபோல் மூடிக்கொண்டது. அடியில் வாழ்ந்த மஞ்ச மட்டிக்கு மூச்சுவிட வழியில்லை. வலை பட்டால் கிழிகிறது, கால் பட்டால் அறுக்கிறது. ஆளி தின்பதற்காகவே படகேறி வந்த ஊர் எண்ணூர். அந்த ஊரின் ஆற்றில் இன்று யாரும் தின்னாத, யாரும் வாங்காத சிப்பி மண்டிக் கிடக்கிறது. எண்ணூரின் இருநூறு வருடத்துக் கதையை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் அந்தப் படகின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் போதும்.

"புள்ளைங்க என்ன செய்யறாங்க அண்ணே?"

"ஒருத்தன் கப்பல் கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. இன்னொருத்தன் கடலுக்குப் போறான். ஆத்துக்கு யாரும் வரல. ஆத்துல என்னா இருக்கு?" வலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். பின்பு தானாகவே, "ஆனா மழை நல்லாப் பேஞ்சு மேலேருந்து தண்ணி வந்துச்சுன்னா ஒரு வாரம் பத்து நாள் இறா கிடைக்கும். அடிச்சுக் கழுவிட்டுப் போவுதுல்ல, அப்போ ஆறு கொஞ்சம் மூச்சு விடும்" என்றார். மேலேயிருந்து வரும் அந்தத் தண்ணீரில் எங்கள் ஏரிகளின் தண்ணீரும் இருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அப்போ நீங்க சொந்தக்காரங்கதான்" என்றார்.

அந்த உறவில் எங்கள் பக்கத்துக் கழிவும் சேர்த்தி என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தொழிற்பேட்டைக் கழிவுநீரும் வீடுகளின் சாக்கடையும் கொரட்டூர் ஏரியில் கலப்பதை எதிர்த்து எங்கள் ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஏரி நிரம்பி வழிந்தால் அந்தக் கசடும் கீழே இறங்கும். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

மதியத்துக்குப் பிறகு ஷேர் ஆட்டோ பிடித்துக் கடற்கரைப் பக்கம் போனேன். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று வரிசையாகக் குப்பங்கள். வெள்ளைக்காரர்களின் வீடுகள் எதுவும் என் கண்ணில் படவில்லை. விசாரித்த இடங்களிலும் அப்படி ஒன்று இருந்ததாக யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. கடலோரச் சாலையில் மீன் விற்கும் பெண்களின் கூடைகளில் நெத்திலியும் சங்கராவும் இருந்தன. "எண்ணூர் மீனா அக்கா?" என்று கேட்டேன். "கடல் மீன்தான் ராசா, ஆத்து மீன் இல்ல" என்று என் கேள்வியின் உள்ளர்த்தம் புரிந்து பதில் சொன்னார். ஆற்று மீன் என்றால் விலை போகாது. எண்ணெய் நாற்றம் அடிக்குமோ என்ற பயம் ஊருக்கு இன்னும் விடவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் ஊர் இளைஞர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி எண்ணெய் ஆலையின் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் நுழைந்து படகு, வலை, அலையாத்தி எல்லாவற்றிலும் அப்பியது. கோக்ரேன் வெட்டிய கால்வாய் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எண்ணூருக்குக் கொண்டுவந்த சரக்கு அதுவாக இருந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கடற்காற்றுக்குப் பெயர் பெற்ற ஊரில் காற்றுக்குப் பயந்து ஓடிய இரவு அது. இந்த ஒரு செய்தியை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

சாயங்காலம் நெட்டுக்குப்பத்துக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். கடலுக்குள் நீண்டு, நடுவில் முறிந்து நிற்கும் ஒரு பழைய பாலம் அங்கே இருக்கிறது. விடியற்காலையில் கேமராவோடு நிறையப் பேர் வருகிறார்கள் என்றார்கள். நான் போன நேரத்திலும் கல்யாணத்துக்கு முன் படம் எடுத்துக்கொள்ள வந்த ஒரு ஜோடி அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தது. குப்பத்துப் பிள்ளைகள் மணலில் கிரிக்கெட் ஆடினார்கள். சுண்டல் விற்கும் பாட்டி ஒருவர். ஆலை ஷிப்ட் முடிந்து வந்த நாலைந்து பேர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சில் இந்தி கேட்டது. பிகாரோ ஒடிசாவோ, எங்கிருந்தோ வந்து இந்த ஊருக்கு உழைப்பவர்கள். காற்று நன்றாகவே இருந்தது. தென்கிழக்கிலிருந்து உப்பும் ஈரமுமாக வீசும் அதே காற்று; கனவான்கள் படகேறி வந்தது இதற்குத்தான். எண்ணூரில் அது இன்னும் மிச்சம் இருக்கிறது. உழைத்துக் களைத்தவர்கள் அதை இலவசமாக வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்க மனம் நிறைந்தது.

எண்ணூர் கைவிடப்பட்ட ஊர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னையில் இவ்வளவு வேலை வாங்கப்பட்ட ஊர் வேறில்லை. மின்சாரமும், பெட்ரோலும், உரமும் இந்தச் சின்னக் கரையின் வழியாக நமக்கு வருகின்றன; ஏற்றுமதியாகும் காரும் இதன் வழியாகத்தான் போகிறது. 2011-இல் கத்திவாக்கம் நகராட்சியும் அம்பத்தூர் நகராட்சியும் ஒரே நேரத்தில்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. காகிதத்தில் நாங்கள் ஒரே ஊர்க்காரர்கள். ஆனால் பூங்கா, நடைபாதை, ஏரிக்கரை அழகுபடுத்தல் என்று எங்களுக்குக் கேட்கத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்காக யாரும் கேட்கவில்லை. 2017-இல் டி.எம். கிருஷ்ணா பாடிய பொறம்போக்குப் பாடலின் காணொளி இந்தக் கழிமுகத்தை வெளியுலகுக்குக் காட்டியது. பாட்டு ஊர் ஊராகப் போனது. சாம்பல் அங்கேயே கிடக்கிறது.

பரிதாபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எங்கள் சொந்த நலனுக்காகவே யோசித்தாலும் கணக்கு நேராக வருகிறது. மிக்ஜாமின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் வடியாமல் நின்றது. தண்ணீர் வடிய வேண்டுமானால் கீழே ஆறு அதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆற்றின் அடி சாம்பலால் மேடாகி, முகத்துவாரம் மணலால் அடைபட்டு, இருபுறமும் கழிவெளியில் மண் கொட்டிக் கட்டடமும் சாலையும் எழுப்பினால் அது எப்படி வாங்கும்? முகத்துவாரத்தில் கடல் ஏற்றம் வேறு எதிர்த்து நிற்கும். ஏரிக்கரையைச் சுற்றி எத்தனை கோடிக்கு மழைநீர் வடிகால் கட்டினாலும், அதன் கடைசி முனை எண்ணூரில் அடைபட்டிருக்கும்வரை அந்தக் காசு முழுப் பலன் தராது.

சாம்பலை அகற்றி ஆற்றை மீட்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் சொல்லிவிட்டது. உத்தரவை மதித்து முழுதாகச் செய்து முடிக்க வைப்பது மீனவர்களின் குரலால் மட்டும் ஆகிற காரியம் அல்ல. அவர்கள் பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேற்கே இருக்கும் நாம் சேர்ந்தால்தான் சத்தம் கோட்டைக்குக் கேட்கும்.

ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போகும் உத்தேசம் இருந்தால் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி எண்ணூருக்குப் போங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பாலத்திலிருந்து கொசஸ்தலையைக் காட்டுங்கள். குப்பத்தில் மீன் வாங்குங்கள். பிறகு, நம் ஏரிகளுக்காகக் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் மனு எழுதும்போது கடைசியில் ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: எண்ணூர்க் கழிமுகத்தில் கொட்டிய சாம்பலை அள்ளுங்கள், முகத்துவாரத்தை ஆண்டு முழுதும் திறந்து வையுங்கள், இனி அங்கே ஒரு லோடு மண்ணும் கொட்டாதீர்கள்.